முதலில் கேளுங்கள், பிறகு சட்டம் போடுங்கள்

தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்த தமிழ்நாடு அரசின் மசோதா பற்றிய நேற்றைய விவாதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே, இன்னும் எதுக்கு அதையே பேசிட்டு இருக்கீங்க?" என்று அங்கே பேசிய ஒருவர் கேட்டார், அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மசோதாவை வாபஸ் வாங்கியது நல்லதுதான், யார் இல்லை என்றது? கொண்டுவருவதற்கு முன் யாரைக் கேட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. 2023 ஏப்ரல் 12 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிமுகமானது, 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காங்கிரஸ், இடதுசாரிகள், விசிக என்று திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. எம்எல்ஏக்கள் கொண்ட தேர்வுக் குழுவுக்கு அனுப்பி நிதானமாகப் பார்த்திருக்கலாம், அனுப்பவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 24ஆம் தேதி தொழிற்சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அன்றே நிறுத்தி வைத்தார்கள், பிறகு வாபஸ் வாங்கினார்கள். ஒரு நாள் பேச்சில் புரிந்த விஷயத்தை மசோதா எழுதும்போதே பேசியிருக்கக் கூடாதா? தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி நூறு வருடம் ஆன அதே வருடத்தில் நமக்கு இது நடந்தது!

"வாரத்துக்கு 48 மணி நேரம்தானே, நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு, அதுவும் விருப்பப்பட்டால்தான்" என்கிறார்கள். என் சித்தி மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. காலை ஷிப்ட் என்றால் விடியும் முன்பே சாப்பாட்டு டப்பாவோடு முக்கு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாள். எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும், செருப்பு வார் அழுந்திய தடம் ராத்திரி வரை மறையாது. போக வர ஆகும் நேரத்தையும் பன்னிரண்டோடு கூட்டிப் பாருங்கள். ஓவர்டைம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னதற்கு மறுநாளிலிருந்து சூப்பர்வைசர் அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவளிடம் போய் விருப்பம் என்கிறீர்களே, கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா?

"எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆட்சி நடத்த முடியாது, அதற்குத்தானே எம்எல்ஏக்களைத் தேர்ந்தெடுத்தோம்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சரி, தேர்ந்தெடுத்தோம். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லையே. வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசே 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. அதைச் சட்டமாக்கவில்லை, அதனால் மீறினாலும் கேட்க ஆளில்லை. 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்ற அவையைப் புறக்கணித்திருந்த நேரத்தில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றினார்கள். அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்காரும் இந்தியத் தொழிலாளர் மாநாடு 2015க்குப் பிறகு கூடாத நிலையில்தான் அதுவும் நடந்தது. டெல்லி செய்தால் கொதிக்கிற நாம் சென்னை செய்தால் மட்டும் "அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே" என்று கடந்து போக வேண்டுமா? அப்புறம் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இதே பேரவைதான் 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்களின் கால்வலி அன்றைக்குப் புரிந்திருக்கிறதே! அதனால்தான் எனக்குக் கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

முதலீடு வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: கர்நாடகப் பேரவை 2023 பிப்ரவரியிலேயே இதே போன்ற திருத்தத்தை நிறைவேற்றிவிட்டது, எனக்கும் தெரியும். அந்தப் போட்டிக்கு என் சித்தி மகளின் உடம்புதான் கிடைத்ததா? முதலாளி கேட்டதை மசோதாவாக எழுத நேரம் இருந்த கோட்டைக்கு, அதைத் தமிழில் அச்சடித்துத் தொழிற்சாலை வாசலில் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க மட்டும் ஏன் நேரமில்லை? இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கைதட்டுங்கள்.