எஸ்டபிள்யூஆர் 1:1 என்றால் ஆன்டெனா அருமையா?

"நானோவிஎன்ஏ-வில் எஸ்டபிள்யூஆர் 1:1 வந்தால் ஆன்டெனா பிரமாதமாக வேலை செய்கிறது" என்று ஹாம் ரேடியோ நண்பர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. (நானோவிஎன்ஏ என்பது ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி. எஸ்டபிள்யூஆர் என்பது அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை.) ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை (வெறும் ரெசிஸ்டர்) மாட்டிப் பாருங்கள், அதுவும் 1:1தான் காட்டும். ஆனால் வருகிற சக்தியையெல்லாம் சூடாக்கித் தின்றுவிடும். எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது, எவ்வளவு காற்றில் போகிறது என்பதையல்ல.

கேபிளும் ஏமாற்றும், திரும்பி வரும் அலை அதிலேயே தேய்ந்துவிடுவதால். 3 டெசிபெல் இழப்புள்ள (பாதி சக்தியைத் தின்னும்) கோஆக்ஸ் கேபிள் வழியே அளந்தால், மேலே ஆன்டெனாவில் 3:1 இருப்பது கீழே சுமார் 1.7:1 ஆகத் தெரியும். தண்ணீர் புகுந்த பழைய கேபிள் இன்னும் 'நல்ல' எண்ணைக் காட்டும்!

சரி, என்ன செய்வது? கேபிளின் ஆன்டெனா முனையில் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (இணைத்த முனை), லோட் (50 ஓம்) மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி காலிபரேட் செய்யுங்கள்; கேபிளின் பாதிப்பு கணக்கிலிருந்து நீங்கிவிடும். அப்புறம் ரெசிஸ்டன்ஸையும் பாருங்கள்: 50 ஓம் கேபிளில் 25 ஓம், 100 ஓம் இரண்டுமே 2:1தான்.