பக்கத்துக்கு எவ்வளவு?

படம் வரைவதைத் தொழிலாக்கிக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தொகையைச் சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. வாடத்தான் செய்யும். சிறுகதைக்குப் படம் என்றால் ஒரு காட்சியோடு முடிந்தது. காமிக்ஸில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதே முகம், அதே சட்டை, வேறு கோணம். கூலி மட்டும் ஏறக்குறைய ஒரே படத்துக்கானது.

வாசகர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய நாள்முதல் தமிழர்கள் காமிக்ஸ் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இரும்புக்கை மாயாவியும் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் வெளிநாட்டில் வரைந்து முடிக்கப்பட்டு வந்தவர்கள். உரிமை வாங்கி மொழிபெயர்த்தால் புத்தகம் தயார். புதிதாக நூறு பக்கம் வரையச் சொல்லி, அதுவரை ஓவியருக்குச் சோறு போடும் பதிப்பாளர் அரிது. அம்புலிமாமாவில் வேதாளத்தைச் சுமக்கும் விக்கிரமனை வரைந்த சங்கருக்காவது மாதச் சம்பளம் இருந்தது.

ஆகவே, கூலியோடு பேச்சை முடித்துக்கொள்ளாதீர்கள். உரிமையையும் பேசுங்கள். 1938இல் சூப்பர்மேனின் உரிமையை அதன் படைப்பாளிகள் இருவரும் 130 டாலருக்கு விற்றார்கள். ஆண்டுத்தொகை என்று ஒன்று கிடைக்க 1975வரை போராட வேண்டியிருந்தது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பலர் படித்ததே இல்லை. காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவரே என்கிறது அது. வாட்ஸ்அப்பில் “சரி சார், செய்துவிடலாம்” என்று அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். அதே சட்டத்தில் நமக்கு ஆதரவானவையும் உண்டு. உரிமையை மாற்றித் தருவதானால் எழுத்தில், கையொப்பத்தோடு தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்குத்தான். உரிமையையே விற்றுவிட்டாலும், வரைந்தது நான் என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி நம்மிடமே இருக்கும்.

எனது ஒப்பந்தம் ஒரே பக்கம். எதற்கு, எத்தனை ஆண்டு, எத்தனை திருத்தம், பெயர் எங்கே வரும், மூலப்படம் யாருக்கு. அவ்வளவுதான். இதைக் கேட்டதும் “நமக்குள் எதற்கு இதெல்லாம்?” என்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்ன ஒரு பதிப்பகம், என் அட்டைப்படத்தை வெட்டி, பெயரை எடுத்துவிட்டு, காலண்டராக அச்சிட்டது. நல்லவேளை, “நூலின் அட்டைக்கு மட்டும்” என்ற வரியில் அவர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். காலண்டருக்கும் தனியாகப் பணம் வந்தது. புத்தகக் காட்சியில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.