பகல் மாதிரி போதாது
அடையாறு முகத்துவாரத்தில் நண்பகலில் எடுத்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம், அதனால் மீன்களுக்கு ஆபத்தில்லை என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. சாக்கடைச் சத்தில் கொழுத்த பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளிவிடும்; இரவில் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில், மேல்மட்டத்தில் மட்டுமல்ல, அடியிலும் மாதிரி எடுத்திருக்க வேண்டும். கடல் ஏற்றமா இறக்கமா, மணல்திட்டு வாயை அடைத்திருந்ததா என்பதும் கட்டுரையில் இல்லை. கடல்நீர் உள்ளே ஏறியிருந்தால் அளந்தது ஆற்றை அல்ல. இன்னொன்று, 300 மில்லி பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, கரைந்த ஆக்சிஜனை அப்படியே பிடித்து நிறுத்தும் மாங்கனீசு சல்பேட்டு, கார அயோடைடு அசைடு கரைசல்களைக் கரையிலேயே சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வழியிலேயே பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும். இவற்றைச் சேர்த்ததும் பாட்டிலில் உண்டாகும் வீழ்படிவு (கரையாமல் படியும் பொருள்) பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு; வெள்ளையாகவே நின்றால் அறவே இல்லை.