தரைத்தளத்தை முதலில் வரையுங்கள்

நகர மையத்தில் பழைய தெரு ஒன்றை எடுத்து, இடிக்க வேண்டியதை இடித்து, மேலே நாலைந்து மாடிக்கு வீடு, கீழே ஒரு மளிகைக் கடை என்று திட்டம் போடுவது இப்போது பல நாடுகளில் நடக்கிறது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. அலுவலகம் விட்டதும் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும் தெருவுக்கு, அங்கேயே ஆட்களைக் குடிவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தத் திட்டங்களைப் பற்றிய சண்டை எல்லாம் தப்பான மாடியில் நடக்கிறது.

எத்தனை மாடி, பக்கத்து வீட்டின் வெளிச்சம் போகுமா, வண்டி எங்கே நிறுத்துவது, வாடகை யாருக்குக் கட்டுப்படியாகும் என்று கூட்டங்களில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். தரைத்தளத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வரைபடத்தில் அது ஒரு வெற்றுக் கட்டம். உள்ளே 'வணிகப் பயன்பாடு' என்று இரண்டு வார்த்தை. விளம்பரப் படத்தில் அதே இடத்தில் பையோடு வெளியே வரும் குடும்பத்தை வரைந்திருப்பார்கள். கட்டி முடித்த பிறகு அங்கே தொங்குவது பெரும்பாலும் 'வாடகைக்கு' என்ற பலகைதான்.

ஏன் இப்படி ஆகிறது? பில்டருக்குக் காசு மேல்மாடி வீடுகளில் இருக்கிறது. கீழே கடை என்பது அனுமதி வாங்குவதற்காக ஒப்புக்கொண்ட நிபந்தனை. அதனால் அதை எவ்வளவு மலிவாக முடிக்க முடியுமோ அப்படி முடிக்கிறார். மேலே படுக்கையறைச் சுவர்களுக்குத் தோதாக வைத்த தூண்கள் அப்படியே கீழே நெருக்கமாக இறங்கும். கூரை தாழ்வாக இருக்கும். பின்பக்கம் லாரி வந்து திரும்ப இடம் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வங்கிக் கிளையோ முடிதிருத்தும் கடையோ வரலாம். மளிகைக் கடை வர முடியாது.

மளிகைக் கடை என்பது பாதி கடை, பாதி கிடங்கு. விடிவதற்கு முன் லாரி வரும், தள்ளுவண்டிகள் உருளும். குளிர்பதனப் பெட்டிகளின் கம்ப்ரெசர் இரவு பகலாக ஓடும். அதன் வெப்பத்தை வெளியேற்றக் கூரை வரை குழாய் போக வேண்டும். அழுகிய காய்கறியும் அட்டைப்பெட்டியும் தினமும் குவியும். அதற்குத் தனி அறை வேண்டும். சரியாக மேல்மாடியில் தூங்குபவருக்கு இந்தச் சத்தம் எதுவும் கேட்காதபடி நடுத்தளம் போட வேண்டும். இவை எல்லாம் கட்டுவதற்கு முன்பு வரைபடத்தில் நாலு கோடு. கான்கிரீட் இறுகிய பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அரைகுறையாகத்தான் வரும். அதனால்தான் சொல்கிறேன்: முதலில் கடையை வரையுங்கள், அதன் மேல் வீடுகளை அடுக்குங்கள். இப்போது நடப்பது தலைகீழ்.

அப்புறம் கணக்கு. மளிகை வியாபாரத்தில் நிகர லாபம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான். இவ்வளவு ஒல்லியான லாபத்தில் நிற்கிற கடைக்கு, தினமும் நடந்து வந்து வாங்குகிற கூட்டம் வேண்டும். கடை வந்தால் ஆட்கள் வருவார்கள் என்று அரசியல்வாதிகள் சொல்வார்கள், ரிப்பன் வெட்ட வசதி என்பதால். வியாபாரிகள் திருப்பிச் சொல்வார்கள்: ஆட்கள் வரட்டும், கடை தானாக வரும். நான் வியாபாரிகள் பக்கம்.

சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் 2016-இல் ஹோல் ஃபுட்ஸ் என்ற பெரிய மளிகைச் சங்கிலியின் கடை ஒன்று பெரிய ஆரவாரத்தோடு திறந்தது. அது இருந்த வணிக வளாகத்துக்கு நகராட்சி ஏறத்தாழ 1.07 கோடி டாலர் உதவி செய்திருந்தது. 2022-இல் கடையை மூடிவிட்டார்கள். பல ஆண்டுகளாக மக்கள்தொகை குறைந்துகொண்டே வந்த பகுதி அது. அந்த ஒரே காரணத்தால் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொதுப்பணம் கட்டடத்துக்குப் போனது, கடைக்காரரோ ஆறே ஆண்டில் கிளம்பிவிட்டார் என்பதை மறக்கக் கூடாது.

கிளம்புகிறவர் சில சமயம் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துப் போகிறார். இது பலருக்குத் தெரியாது. பெரிய சங்கிலிக் கடைகள் குத்தகையிலோ கிரயப் பத்திரத்திலோ ஒரு ஷரத்து சேர்ப்பார்கள்: இந்த இடத்தில் இத்தனை ஆண்டுகளுக்கு வேறு மளிகைக் கடை வரக் கூடாது. போட்டியாளர் நுழையாமல் இருக்கத்தான். தெருவில் ஆட்கள் இருப்பார்கள், கடைக்கு ஏற்ற இடம் காலியாக இருக்கும், இருந்தாலும் கடை வராது. பிரிட்டனில் இதற்கு எதிராக 2010-இல் ஆணையே போட்டார்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் இப்படி நிலத்தைக் கட்டிப்போடுவதைத் தடுக்கும் ஆணை. கனடாவிலும் போட்டி ஆணையம் 2024-இல் இரண்டு பெரிய மளிகை நிறுவனங்களின் உரிமையாளர்களிடம் இதே விஷயத்தை விசாரிக்கத் தொடங்கியது. ஆகவே பொதுப்பணம் ஒரு ரூபாய் போனாலும், 'நீ போனால் அடுத்தவன் வரலாம்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

தெருவை அழகுபடுத்தினாலே போதும் என்பவர்களுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் கலாமசூவில் 1959-இல் நகர மையத் தெருவின் ஒரு பகுதியில் வாகனங்கள் வரக் கூடாது என்று தடுத்து, அதை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அந்த நாட்டில் அப்படிப்பட்ட முதல் தெரு அது. அதற்கு யோசனை தந்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன்தான் அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1956-இல், புறநகரில் முழுக்க மூடிய, குளிரூட்டப்பட்ட முதல் 'மால்' எனும் வணிக வளாகத்தையும் வடிவமைத்தவர். நகர மையத்தின் வாடிக்கையாளர்களை வெளியே இழுத்துப் போனதும் அந்த வகை மால்தான், மையத்துக்கு மருந்து எழுதியவரும் அவரேதான்! பல ஊர்கள் கலாமசூவைப் பின்பற்றின. பூச்செடி, நீரூற்று, பெஞ்சு எல்லாம் வந்தன. பெரும்பாலானவை நொடித்துப்போய், பிறகு திரும்பவும் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கலாமசூவே 1998-இல் ஒரு பகுதியைத் திறந்தது. கோபன்ஹேகன் 1962-இல் ஸ்ட்ரோயட் தெருவில் அதையே செய்தது, அது நிலைத்துவிட்டது. அங்கே சுற்றிலும் நடந்து வரும் தூரத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள்.

கடை வந்துவிட்டால் அந்தப் பகுதி மக்களின் உணவுப் பழக்கமே மாறிவிடும் என்ற பேச்சையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஒரு பெரிய பொருளாதார ஆய்வு, பணக்காரர் சாப்பாட்டுக்கும் ஏழைகள் சாப்பாட்டுக்கும் உள்ள சத்து வித்தியாசத்தில், பக்கத்தில் கடை இருக்கிறதா இல்லையா என்பது விளக்குவது பத்தில் ஒரு பங்குதான் என்று கண்டது. இருக்கட்டும். வயதானவர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பால் வாங்குவதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

பார்க்கிங்கைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கார் நிறுத்த, வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், சுமார் முப்பது சதுர மீட்டர் வேண்டும். அதே இடத்தில் ஒருவர் குடியிருக்கலாம். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் இத்தனை வீட்டுக்கு இத்தனை இடம் என்ற கட்டாயத்தையே எடுத்துவிட்டது. வீடும் கடையும் கலந்து கட்டியவர்கள் அதற்குப் பிறகு பழைய விதி கேட்டதைவிடக் குறைவான இடம்தான் விட்டார்கள். காருக்கு இடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு என்பதைக் கட்டுகிறவர் முடிவு செய்யட்டும். லாரி நிற்கும் இடத்தை மட்டும் அவர் விருப்பத்துக்கு விடக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது ஏற்கெனவே அந்தத் தெருவில் இருப்பவர்கள். பழைய கட்டடத்தில் குறைந்த வாடகைக்குச் சின்னக் கடை வைத்திருப்பவர், அதன் மாடியில் குடியிருப்பவர். இரண்டு ஆண்டு வேலை நடந்தால் அந்த வாடிக்கை கலைந்துவிடும். முடிந்ததும் புதுக் கட்டடத்தின் வாடகை அவருக்கு எட்டாது. 'முன்னுரிமை தரப்படும்' என்று அறிக்கையில் எழுதுவது எளிது. எந்த வாடகையில், எத்தனை ஆண்டுக்கு, இடையில் எங்கே உட்கார்ந்து வியாபாரம் செய்வார் என்பதையும் எழுதினால்தான் அது முன்னுரிமை. வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து, ஒரு பக்கம் கட்டும்போது இன்னொரு பக்கம் கடைகள் ஓடட்டும். செலவு கூடும், நாளும் இழுக்கும். இருந்தாலும் பெரிய சங்கிலிக் கடை வருமா வராதா என்று காத்திருப்பதைவிட, ஏற்கெனவே அந்தத் தெருவின் வாடிக்கையாளர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவருக்கே தரைத்தளத்தில் நல்ல இடம் ஒதுக்குவதில் எனக்கு அதிக நம்பிக்கை.

அடுத்த முறை இப்படி ஒரு திட்டம் கருத்துக் கேட்புக்கு வந்தால் பளபளப்பான வண்ணப் படத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரைத்தள வரைபடத்தைக் கேளுங்கள். லாரி எந்த வழியாக உள்ளே வருகிறது, குப்பை எந்த வழியாக வெளியே போகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், மேலே எத்தனை மாடி என்ற பேச்சை அதுவரைக்கும் ஒத்திப்போடலாம்.