555 நோட்டு

சில மாதம் முன்னால் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பழைய மளிகைக் கடையில் போய் 555 நோட்டு இரண்டு வேண்டும் என்றேன். தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். "தங்கச்சி, நீ யாருக்குக் கடன் குடுக்கப் போற?" என்றார், நல்ல தோட்டத் தமிழில். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் ரப்பர் தோட்ட லயத்தில் பாதிப் பேர் அந்தக் கடை நோட்டில்தான் குடியிருந்தோம். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம் எழுதித்தான் வாங்குவது. சம்பளம் போட்ட அன்று அப்பா முன்னால் நிற்க, தவுக்கே ஒவ்வொரு வரியையும் கோடு போட்டு அடிப்பார். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்தாலே அம்மாவுக்கு இன்றும் முகம் சுருங்கும்.

நான் வாங்கியது கடனுக்கு இல்லை. வீட்டுக் கணக்குக்கு. இதைச் சொன்னதும் பினாங்கில் வேலை செய்யும் மகன் சிரித்தான். "எதுக்கும்மா நோட்டு, எல்லாம் போன்லயே இருக்கு லா."

இருக்கிறது. அவன் அனுப்பும் பணம் என் பேங்க் ஆப்பில் இருக்கிறது. வீட்டுக்காரரின் லோரிச் சம்பளம் வேறு பேங்கில். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கியூஆர் தட்டிக் கொடுப்பது இ-வாலட்டில். சாரா என்று மளிகைச் சாமான் வாங்க அரசு அம்மாவுக்குக் கொடுக்கும் உதவி அவருடைய ஐசியில், அடையாள அட்டையில். மானியப் பெட்ரோல் லிட்டர் ஆளுக்கு ஆள் தனி. ஐந்து இடத்திலும் கணக்கு சுத்தம். வீட்டுக் கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கோளாறு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். மூன்று வருடத்துக்குள் நாட்டில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 2023 நவம்பரில் கோழிக்கு மானியம் நின்றது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் முட்டை மானியம் முடிந்தது. அதே மாதம் 31-ஆம் தேதி முதல் பதினெட்டு வயது தாண்டிய எல்லாருடைய ஐசியிலும் சாரா 100 வெள்ளி. செப்டம்பர் கடைசியில் பெட்ரோல் 1 வெள்ளி 99 காசு, அதுவும் தொடங்கியபோது ஆளுக்கு மாதம் 300 லிட்டர் வரைக்கும். பொருளுக்கு இருந்த மானியம் ஆளுக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் முட்டையை வாங்கினாலே மானியம் கூடவே பையில் ஏறி வந்துவிடும், யாரும் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இப்போது நாம் நினைவு வைத்துப் போய் எடுக்க வேண்டும், அதுவும் தவணைக்குள். இதை நான் தப்பு என்று சொல்லவில்லை. நான்கு கார் வைத்திருப்பவருக்கும் பழைய மோட்டாரில் தோட்டத்துக்குப் போகிறவருக்கும் ஒரே மானியம் கொடுத்ததில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் கணக்குப் பிள்ளை வேலை இப்போது அடுப்படிக்கு வந்துவிட்டது. அதைத்தான் சொல்கிறேன்.

அந்த 100 வெள்ளிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேரங்காடிக்குப் போன கதையைக் கேளுங்கள். அரிசி, மீ, மைலோ, சோப்பு எல்லாம் எடுத்து வரிசையில் நின்று, முறை வந்ததும் அம்மா மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலை வந்தது, பாக்கு வந்தது, சுண்ணாம்பு டப்பி வந்தது, கடைசியில் ஐசி வந்தது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பிள்ளை செருகிப் பார்த்தாள். படிக்கவில்லை. திருப்பித் துடைத்தாள். படிக்கவில்லை. சிப் மேல் சுண்ணாம்பு பொடுக்குப் போல ஒட்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட, அம்மா என் கையைப் பிடித்து, "வா, இந்தப் பணம் நமக்கு வேணாம்" என்கிறார். முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். வெட்டுக் கோட்டில் காய்ந்த கோட்டுப்பாலை உரித்து உரித்துக் கட்டைவிரல் ரேகை மழுங்கி, பேங்கிலும் அவருக்குப் பெருவிரல் விழாது. அந்த அவமானம் ஏற்கெனவே ஒரு முறை பட்டவர் என்பதால் உடனே வெளியேறப் பார்த்தார்.

நல்ல வேளை, எங்களுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பையன். "ஆன்ட்டி, ரப்பர் வச்சித் தேய்ங்க" என்று பென்சில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தேய்த்தேன். படித்துவிட்டது. ரப்பரில் அழிந்த ரேகைக்கு ரப்பரே வந்து உதவியது என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தோம், ஆனால் அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் ஐசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிப் தேய்ந்திருந்தால் பதிவு இலாகாவில் மாற்றிவிடுங்கள். கடை வரிசையில் நின்றுகொண்டு கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை அது.

சரி, நோட்டுக்கு வருகிறேன். அதில் முதலில் எழுத ஆரம்பித்தது கேஸ் மாற்றிய தேதி. 14 கிலோ 26 வெள்ளி 60 காசு, கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கத் தனிக் காசு. எங்கள் வீட்டில் ஒன்று 45 நாள் வந்தது, அடுத்தது 44 நாள். மூன்றாவது 30 நாளில் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர், "நீ நிறைய சமைச்சிருப்ப" என்றார். தீபாவளிப் பலகாரம் சுட்ட மாதமா என்றால் இல்லை, விருந்தாளி வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருப்பேன். புதிதாக மாட்டியதும் சோப்பு நுரையை எடுத்து ரெகுலேட்டர் வாயிலும் குழாய் நெடுகவும் தடவினேன். குழாய் அடுப்போடு சேரும் இடத்தில், கிளிப்புக்கு ஒட்டின மாதிரி, நுரை மெல்ல மெல்ல ஊதிக்கொண்டு வந்தது. அரிசி மணி அளவு ஒரு குமிழி. உடைந்தது. மறுபடி ஊதியது. எங்கள் அடுப்படி பின்பக்கம் திறந்தவெளி என்பதால் வாடை தங்கவில்லை. குழாயையும் கிளிப்பையும் மாற்றினோம். அடுத்த கேஸ் 44 நாள். நட்டம் என்று பார்த்தால் ஒன்பது வெள்ளிக்குள்தான். அந்தக் குமிழியை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. இதை எந்த ஆப் எனக்குச் சொல்லியிருக்கும்?

மின்சாரம் விஷயத்தில் வாட்ஸ்அப் ஆலோசகர்கள் பேச்சைக் கேட்டு எங்கள் குடியிருப்பில் சிலர் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாஷிங் மிஷின் போடுகிறார்கள். 2025 ஜூலையில் கட்டணம் மாறியது உண்மை. வேலை நாளில் பகல் 2 முதல் இரவு 10 வரை கூடுதல், மற்ற நேரம் குறைவு, சனி ஞாயிறு முழுக்கக் குறைவு, இதுவும் உண்மை. ஆனால் அது நேர அடிப்படைத் திட்டத்துக்கு நாமாக விண்ணப்பித்தால் மட்டும்தான். விண்ணப்பிக்காமல் நள்ளிரவில் துணி துவைத்தால் ஒரு காசும் குறையாது, தூக்கம்தான் குறையும். நான் வீட்டில் தையல் வேலை செய்பவள் என்பதால் இரண்டு வாரம் மதியம் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். அந்த எட்டு மணி நேரத்தில் வேலை நாளுக்கு நாலரை யூனிட். மாதம் 340 யூனிட்டில் 100 அந்தக் கூடுதல் நேரத்தில், மீதி 240 மலிவு நேரத்தில். மலிவு நேரத்தில் யூனிட்டுக்கு இரண்டரை காசு சொச்சம் குறைகிறது, மற்றதில் ஒன்றரை காசு ஏறுகிறது. கூட்டிக் கழித்தால் மாதம் ஐந்து வெள்ளிகூட மிஞ்சவில்லை. நான் மாறவில்லை. ராத்திரி முழுக்க ஏர்கோன் போடுகிற வீடு என்றால் மாறலாம், ஆனால் முதலில் மீட்டரைப் பாருங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் 997 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். மோசடியில் பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண். போனில்தானே சேமிக்கலாம் என்பான் மகன். கல்யாணப் பத்திரிகை என்று வருகிற ஏபிகே என்ற ஆப் கோப்பைத் தட்டி, போனே அடுத்தவன் கைக்குப் போனபிறகு அதில் என்னத்தைத் தேடுவது? மோசடி வேண்டாம், போன வருடம் என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. புதுப் போனில் பேங்க் ஆப்பைப் பதிந்தால் பன்னிரண்டு மணி நேரம் காத்திரு என்றது. நம் பாதுகாப்புக்குத்தான், புரிகிறது. அன்றைக்குத்தான் பார்த்தால் வீட்டில் ஒரு கணக்கு எண்ணும் யாருக்கும் மனப்பாடம் இல்லை. வீட்டுக்காரருக்கு என் போன் நம்பரே தெரியவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் போனுக்கு எதிரி இல்லை. கியூஆர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், தையல் கூலியை "அடுத்த வாரம் தரேன்கா" என்று யாரும் இழுக்க முடிவதில்லை. ஆனால் தட்டிக் கொடுக்கும்போது கைக்கு வலிப்பதில்லை. எழுதும்போது வலிக்கிறது. அப்படி எழுதப்போய்த்தான் யாரும் விளையாடாத ஒரு கேமுக்கு மாதம் 19 வெள்ளி 90 காசு ஏழு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. போன்லயே எல்லாம் இருக்கு என்று சொன்னவன் பதிந்தது.

இப்போது நோட்டு ஃபிரிட்ஜ் மேல் பேனாவோடு கிடக்கிறது. யார் செலவு செய்தாலும் எழுத வேண்டும் என்பதுதான் சட்டம். வீட்டுக்காரர் "டீ" என்று மட்டும் எழுதிவிட்டுத் தொகையை விட்டுவிடுகிறார். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த அம்மா முதல் வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்று மாதக் கணக்குக் கூட்ட உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலில், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, ஒரு வரி: "பேரனுக்கு 20. இதை கூட்டாதே."