சமோவாப் பெண்களின் பருமனுக்கு 'ஆண் ஹார்மோன்' காரணமா?

"சமோவாப் பெண்களுக்குப் பிறவியிலேயே ஆண் ஹார்மோன் அதிகம், அதனால்தான் அவர்கள் பருமனாக இருக்கிறார்கள்" என்று பசிபிக் தீவு நாடான சமோவாவைப் பற்றி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

முதலில், 'ஆண் ஹார்மோன்' எனப்படும் ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டுமே உரியது அல்ல. எல்லாப் பெண்களுக்கும் சினைப்பையிலும் அட்ரீனல் சுரப்பியிலும் அது சுரக்கிறது. அப்புறம், பெரும்பாலும் நடப்பது செய்தி சொல்வதற்கு நேர்மாறானது. எடை கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை அதிக ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டும். முக்கிய ஆண்ட்ரோஜனான டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிப்பதால், அந்த ஹார்மோன் ரத்தத்தில் அதிகம் கட்டின்றி உலவும். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் ரோமம் வளர்வது எல்லாம் இதன் விளைவாக இருக்கலாம். பிசிஓஎஸ் என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் எடையும் ஆண்ட்ரோஜனும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது எந்த நாட்டுப் பெண்ணுக்கும் வரும்.

சரி, மரபணுவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. சமோவர்களிடம் பரவலாக உள்ள சிஆர்இபிஆர்எஃப் மரபணு மாற்றம் எடையைக் கூட்டுகிறது என்று 2016-இல் தெரியவந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மாற்றம் சர்க்கரை நோய் அபாயத்தைக் குறைக்கிறது! அது ஆண் ஹார்மோன் மரபணுவும் அல்ல.

சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. இறக்குமதியாகும் கொழுப்பு மிகுந்த வான்கோழி வாலைச் சமோவா 2007-இல் தடை செய்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர, அந்தத் தடையை விலக்கச் சம்மதிக்க வேண்டியிருந்தது.