52 புஸ்தகம், கழிவு போக

(பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. டிசம்பர் 31, காலை ஏழு மணி. கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. அண்ணாச்சி கல்லாப்பெட்டி மேல் நீளப் பேரேட்டை விரித்து வைத்திருக்கிறார். சார்வாள் துணிப்பையோடு வருகிறார். முகத்தில் பரீட்சையில் பாஸான களை.)

சார்வாள்: அண்ணாச்சி, அரைக் கிலோ உளுந்து போடுங்க. கூட ஒரு சேதியும் கேளுங்க. இந்த வருசம் 52 புஸ்தகம் முடிச்சாச்சு. வாரத்துக்கு ஒண்ணு!

அண்ணாச்சி: உளுந்து தாரேன். சேதியை நிறுத்துப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். சாக்கோட எடையா, சாக்கு கழிச்சா?

சார்வாள்: புஸ்தகத்துக்கு ஏது சாக்கு?

அண்ணாச்சி: தலைப்புப் பக்கம், பதிப்புரை, அணிந்துரை, பொருளடக்கம் எல்லாம் என்னவாம்? நம்ம புஸ்தகங்கள்ல பக்க எண்ணு தலைப்புலயே ஓட ஆரம்பிச்சிரும். கதை தொடங்குற இடத்துல பாத்தா 17ன்னு நிக்கும். அச்சுக்காரன் கணக்குல ஒரு பாரம் 16 பக்கம். ஒரு முழுப் பாரம் மாலை மரியாதைக்கே போயிட்டு.

சார்வாள்: அணிந்துரை நான் படிக்கதே இல்லையே.

அண்ணாச்சி: படிக்காததுக்குமா கணக்கு எழுதுனிய? சரி, சராசரி 200 பக்கம்னு வைங்க. 52-ஐப் பெருக்குனா 10,400. 365-ல வகுத்தா நாளுக்கு 28 பக்கமும் சில்லறையும். பக்கத்துக்கு ரெண்டு நிமிசம், ஆக 57 நிமிசம். தீவாளி, கல்யாண வீடு, பேப்பர் திருத்துற நாள் எல்லாத்துலயும் 57 நிமிசம் உக்காந்தியளா?

சார்வாள்: ரெண்டு நிமிசம் எல்லாம் ஆகாது அண்ணாச்சி. நான் வெரசாப் படிப்பேன்.

அண்ணாச்சி: வேகத்தை வாயால சொல்லப்பிடாது, அளக்கணும். செல்லுல 20 நிமிசம் மணி வைங்க. முதல் அஞ்சு பக்கத்தைப் படிச்சு முடிச்ச பொறவு தொடங்குங்க, ஆளுக பேரு பிடிபட அவ்வளவு ஆகும். மணி அடிச்சா நிறுத்திட்டு எண்ணுங்க. கதைக்கு ஒரு தடவை, கட்டுரைக்கு ஒரு தடவை, பழம்பாட்டுக்கு ஒரு தடவை. மூணும் மூணு வேகம்.

சார்வாள்: பக்கம் பக்கந்தானே?

அண்ணாச்சி: படியும் படிதான், தலை தட்டுனா ஒரு அளவு, கோபுரமா குமிச்சா ஒரு அளவு. 30 வரி, வரிக்கு 8 சொல்லுன்னா பக்கத்துக்கு 240. அதே கதையை எழுத்தைப் பெருசாக்கி 24 வரி, வரிக்கு 7 சொல்லுன்னு அடிச்சா 168. 140 பக்கப் புஸ்தகம் 200 பக்கமா வீங்கிரும். தண்ணியில போட்ட உளுந்து மாதிரி. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிப் பாத்தாப் போதும், புஸ்தகத்தோட லெச்சணம் தெரிஞ்சிரும்.

சார்வாள்: (இரண்டடி பின்வாங்கி) உளுந்தைக் கட்டுங்களேன், நேரமாச்சு.

அண்ணாச்சி: இருங்க, இப்பந்தான் சூடு பிடிக்கி. பட்டியல் இருக்கா?

(சார்வாள் நாலாக மடித்த தாளை நீட்டுகிறார். அதை நீட்டியிருக்கவே வேண்டாம்.)

அண்ணாச்சி: ‘பொன்னியின் செல்வன்’ அஞ்சு வரியில இருக்கே?

சார்வாள்: அஞ்சு பாகம்லா? அட்டையும் அஞ்சு.

அண்ணாச்சி: புது வெள்ளத்துல ஏறுன கதை தியாகச் சிகரத்துலதான இறங்குது? 1950-ல பத்திரிகையில தொடராத் தொடங்குன ஒரே கதை. அஞ்சு மூட்டையா இறங்குனாலும் ஒரே லாரிச் சரக்கு, ஒரே பில்லு. எண்ணிக்கையில ஒண்ணு, பக்கத்துல அஞ்சும். 48 ஆச்சு. இந்தா, இது ஆறும் என்ன?

சார்வாள்: அது... சின்னப் புஸ்தகம். 32 பக்கம்.

அண்ணாச்சி: ரெண்டு பாரம், நடுவுல பின் அடிச்சது. அதையும் புஸ்தகம் இல்லங்கல. அதுக்குத்தான் எண்ணிக்கைக்குப் பக்கத்துலயே பக்கத்தையும் எழுதணுங்கேன். ஆறும் சேந்தா 192. இன்னொரு இடத்துல நீங்க உங்களுக்கே நட்டம் பண்ணிருக்கிய. புதுமைப்பித்தன் முழுத் தொகுப்பை ஒண்ணுன்னு போட்டிருக்கிய!

சார்வாள்: ஒரு அட்டைதானே?

அண்ணாச்சி: அதுக்குள்ள நூறு கதைகிட்ட கிடக்கு சார்வாள். 42 வயசுல போன மனுசன் எழுதி வச்சதை நீங்க நாவல் மாதிரி ஒரே மூச்சுல ஓட்டிருக்கிய. ‘பொன்னகரம்’ அம்மாளு, ‘கயிற்றரவு’க்குள்ள வந்து நின்னிருப்பாளே?

சார்வாள்: (மெதுவாக) வந்தா.

அண்ணாச்சி: வருவா. சிறுகதை நாளுக்கு ஒண்ணு, மிஞ்சுனா ரெண்டு. பொருளடக்கத்துல கதைப் பேருக்கு நேரா பென்சில்ல தேதி போட்டுருங்க. வரிசையாப் போகணும்னு கட்டாயம் இல்ல, எது பாக்கின்னு தேதியே காட்டிரும். பாட்டுக்கும் அதே சங்கதிதான். இன்னா, ஆண்டாளைக் கேளுங்க. 30 பாட்டு, மார்கழி மாசம் பூரா நாளுக்கு ஒண்ணு. தை பிறந்தா கணக்கு முடிஞ்சிட்டு. உங்க பட்டியல்ல திருக்குறள்னு இருக்கு, தினம் ஒரு குறளா?

சார்வாள்: ஆமா, சனவரி ஒண்ணாந் தேதியில இருந்து.

அண்ணாச்சி: 1330 குறளு. மூணு வருசமும் 235 நாளும் ஆகும். நீங்க இன்னும் பொருட்பால் வாசல்லயே நின்னுருப்பிய, 380 அறத்துப்பால்லா? அதைப் போயி ‘முடிச்சது’ன்னு எழுதிருக்கிய. நாளுக்கு ஒரு அதிகாரம்னா 133 நாள்ல கை கழுவலாம். கம்பர்கிட்ட மட்டும் தினம் ஒண்ணுன்னு போயிராதிய. பத்தாயிரத்துக்கு மேல பாட்டு, 27 வருசத்துக்கு மேல ஓடும். பத்துப் பத்தாப் படிச்சா மூணு வருசத்துக்குள்ள பட்டாபிசேகம்.

சார்வாள்: இவ்வளவு கணக்கையும் எதுல அண்ணாச்சி எழுத? போன வருசம் நோட்டுப் போட்டேன். எட்டுக் கட்டம். மதிப்பெண், பிடிச்ச வரி, ஆசிரியர் வரலாறு எல்லாம் உண்டு. பொங்கலோட நின்னுட்டு.

அண்ணாச்சி: எட்டுக் கட்டம் போட்டா நிக்காம என்ன செய்யும்? புஸ்தகத்தை மூடுன கையோட தூக்கம் வரும், எட்டுக் கட்டம் வராது. அஞ்சே போதும்: தொடங்குன தேதி, முடிச்ச தேதி, பேரு, பக்கம், எங்கேருந்து வந்தது. அதையும் அன்னன்னைக்கு நோட்டுல எழுத வேண்டாம். ஒரு துண்டுத் தாளைப் புஸ்தகத்துக்குள்ளயே போட்டு வைங்க, அடையாளத்துக்கும் ஆச்சு, கணக்குக்கும் ஆச்சு. மாசம் முதல் தேதி துண்டை எல்லாம் எடுத்துப் பேரேட்டுல ஏத்துங்க. இரும்புக் கிளிப்பு மட்டும் வேண்டாம், ஐப்பசி மழைக்குத் துரு பிடிச்சுத் தாளைத் தின்னுரும். கோயில் பூவும் வைக்காதிய, கறை விடும்.

சார்வாள்: எங்கேருந்து வந்துதுங்கது எதுக்கு?

அண்ணாச்சி: வருசக் கடைசியில அதுதான் உண்மையைப் பேசும். வாங்குனது எத்தனை, வாங்குனதுல தொட்டது எத்தனை, நூலகத்துச் சரக்கு எத்தனை, இரவல் எத்தனை. புத்தகத் திருவிழாவுல வாங்குனது பாதி பையை விட்டு இறங்கிருக்காது. இருப்பு கிடக்கையில புதுச் சரக்குக்கு ஆர்டர் போடுற யாவாரி உருப்படுவானா? விட்டதையும் எழுதணும். எந்தப் பக்கத்துல, ஏன்னு. ‘மொழிபெயர்ப்பு கடிக்கி’, ‘எழுத்து பொடி’, ‘இப்பம் மனசு இல்ல’. மூணாவது காரணம்னா அடுத்த வருசம் திரும்ப எடுக்கலாம். முதல் காரணம்னா வேற மொழிபெயர்ப்பைத் தேடணும்.

சார்வாள்: எத்தனை பக்கம் பாத்துட்டு விடலாம்?

அண்ணாச்சி: சியாட்டில்ல நான்சி பேர்ல்னு ஒரு நூலகர் அம்மா ஒரு கணக்குச் சொல்லிருக்காவ. 50 வயசு வரைக்கும் 50 பக்கம். அதுக்கு மேல, நூறுல இருந்து வயசைக் கழிச்சு மிச்சம். எனக்கு 62, அப்பம் 38 பக்கம். நூறு வயசானா அட்டையைப் பாத்தே தள்ளிரலாம்னு அந்த அம்மாவே சொல்லிட்டாவ.

சார்வாள்: எங்க ஆச்சி இப்பமே அப்படித்தான்.

அண்ணாச்சி: உங்களுக்கு 46. முழுசா 50 பக்கம் பாத்தாகணும். சரி, இந்தக் கடைசி வரி என்ன? 52-ஆவது. இது நான் இரவல் கொடுத்த நாவல்லா?

சார்வாள்: ஆமா! இன்னா, கையோட கொண்டாந்துட்டேன். என்ன ஒரு முடிவு அண்ணாச்சி! கண்ணு கலங்கிட்டு.

(அண்ணாச்சி புத்தகத்தை வாங்கி, முதுகைப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டுகிறார். நடுவிலிருந்து ஒரு மஞ்சள் தாள் தலையை நீட்டுகிறது.)

அண்ணாச்சி: 40-க்கும் 41-க்கும் நடுவுல. கார்பன் பில்லு. நம்ம கடைப் பில்லு! ஏப்ரல் 14. நல்லெண்ணெய், புளி, வத்தல். பாக்கி 640.

சார்வாள்: அது... அடையாளத்துக்கு...

அண்ணாச்சி: எட்டு மாசமா இந்தத் தாளைத்தான் சார்வாள், குருணைச் சாக்குக்குள்ள எல்லாம் தேடுதேன்!

சார்வாள்: 40 பக்கம் படிச்சிருக்கேன்லா, அதையாவது வரவு வைங்க.

அண்ணாச்சி: 40-ல சாக்கு 16. நிகரம் 24.

சார்வாள்: கைவிட்டதுன்னாவது எழுதிருங்க.

அண்ணாச்சி: எப்படி எழுத? அதுக்கே இன்னும் பத்துப் பக்கம் குறையுதே. (உளுந்துப் பொட்டலத்தைத் தராசுக்கு அந்தப்பக்கம் நகர்த்துகிறார்.) அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க, பக்கத்துக்கு ரெண்டு நிமிசம்.